ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் எப்போது தொடங்கியது?

கம்ப்யூட்டரில் ஏதாவது தகராறு என்று போன் செய்தால், எதிர்முனையில் இருப்பவர் முதலில் கேட்பது "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்பதுதான். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பண்ணிட்டோம் சார்." பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. எதை ரீஸ்டார்ட் செய்தார்கள் என்பதில்தான் குழப்பம். ஒருவர் திரையில் இருந்த ஜன்னலை மட்டும் மூடித் திறந்திருப்பார். இன்னொருவர் மானிட்டரை அணைத்துப் போட்டிருப்பார். இந்த வாக்குவாதத்தில் இறங்காமல் மெஷினிடமே கேட்டுவிடலாம். தன்னிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது என்று அதற்குத் தெரியும்.

கேட்பது சுலபம். வரும் பதிலை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். நீலகிரியில் காற்றடித்துக் கற்பூர மரக்கிளை விழுந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். திரும்பி வருவது மட்டும் தனித்தனியாக. அப்படிப்பட்ட ஊர்களில் கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது.

முதலில் ஒரு சொல். டிஸ்கில் சும்மா கிடக்கும்போது அது புரோகிராம். நாம் அதைத் திறந்து, மெமரியில் இடம் பிடித்து, ஓட ஆரம்பித்துவிட்டால் அது ப்ராசஸ். ஒரே புரோகிராமுக்குப் பல ப்ராசஸ்கள் இருக்கலாம். பிரவுசரில் பத்து டேப் திறந்தால், பின்னால் பத்துப் பன்னிரண்டு ப்ராசஸ்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனித் தொடக்க நேரம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் உண்டு. அதைத்தான் பி.ஐ.டி. என்பார்கள்.

சரி, லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் கேட்பது எப்படி? போனில் சொல்வது போலவே சொல்கிறேன், கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பி, எஸ் என்ற இரண்டு எழுத்து. ஓர் இடைவெளி. மைனஸ் போட்டு ஒட்டினாற்போல் ஈ, ஓ. மறுபடி ஓர் இடைவெளி. அப்புறம் வரிசையாக நான்கு சொற்கள், நடுவில் கமா மட்டும், இடைவெளி கூடாது: பி.ஐ.டி. (புள்ளிகள் இல்லாமல்), எல்ஸ்டார்ட், ஈடைம், சி.எம்.டி. (இதற்கும் புள்ளி இல்லை). எல்ஸ்டார்ட் என்றால் ஸ்டார்ட் என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் எல். ஈடைம் என்றால் டைமுக்கு முன்னால் ஓர் ஈ. எல்லாம் சிறிய எழுத்துகள். என்டர் தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ப்ராசஸும் பட்டியலாக வந்து விழும். மேக் கம்ப்யூட்டரிலும் எல்ஸ்டார்ட்டும் ஈடைமும் வேலை செய்யும்.

எல்ஸ்டார்ட் தருவது முழுத் தேதி: கிழமை, மாதம், நாள், மணி நிமிடம் விநாடி, வருடம். ஈடைம் தருவது, தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது. இதைப் படிப்பதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். 04:12 என்று வந்தால் நாலேகால் மணி நேரம் என்று நினைத்துவிடுவார்கள். இல்லை, அது 4 நிமிடம் 12 விநாடி. மணியும் இருந்தால்தான் மூன்று பகுதியாக வரும். நாள் கணக்கு தாண்டிவிட்டால் முன்னால் நாளும் ஒரு மைனஸ் குறியும் சேரும்: 3-04:12:09 என்றால் 3 நாள், 4 மணி, 12 நிமிடம், 9 விநாடி. வலப் பக்கத்திலிருந்து படித்துப் பழகிவிட்டால் தப்பு வராது.

இணையத்தில் பலரும் சொல்லித்தருவது வேறொரு வடிவம்: பி.எஸ்.-ஸுக்குப் பிறகு ஏ, யு, எக்ஸ். அதில் ஸ்டார்ட் என்று ஒரு பத்தி வரும். எனக்கு அந்தப் பத்தி பிடிக்காது. இன்று தொடங்கிய ப்ராசஸ் என்றால் மணியும் நிமிடமும் காட்டும். நேற்றோ அதற்கு முன்போ என்றால் மாதமும் தேதியும் மட்டும். போன வருடம் என்றால் வருடம் மட்டும். நேற்று மாலை 5 மணிக்கா 6 மணிக்கா என்று தெரிய வேண்டிய நேரத்தில் தேதியை மட்டும் காட்டி நிற்கும். அதே பட்டியலில் டைம் என்று இன்னொரு பத்தி உண்டு. அது தொடங்கிய நேரமும் அல்ல, ஓடிய நேரமும் அல்ல. பிராசஸர் அந்த ப்ராசஸுக்காக உண்மையில் உழைத்த நேரம். வாரக்கணக்கில் ஓடும் ஒரு புரோகிராமுக்கு அதில் வெறும் 14 விநாடி இருப்பது சகஜம். மற்ற நேரமெல்லாம் யாராவது ஏதாவது அனுப்புவார்களா என்று சும்மா காத்துக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மெஷினே எப்போது எழுந்தது என்று பார்க்க 'அப்டைம்' என்று தட்டி, இடைவெளி விட்டு மைனஸ் எஸ் சேர்த்தால் போதும். ஒரே வரியில் தேதியும் நேரமும் வரும்.

இதெல்லாம் எதற்கு? ஒரு வேலையில் வைத்துப் பார்ப்போம். கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடை போட்டு வாங்கும் இடம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எடை மெஷினோடு ஒரு கம்ப்யூட்டர். இலையை எடை போட்டதும், கிலோ விலையால் பெருக்கிச் சீட்டு அடித்துத் தரும் ஒரு சின்ன புரோகிராம். விலை ஒரு தனி ஃபைலில் எழுதியிருக்கிறது. காலை 11:20-க்கு யாரோ விலையைத் திருத்திச் சேமிக்கிறார்கள். மதியம் வரும் சீட்டிலும் பழைய விலையே வருகிறது. விவசாயிகள் சண்டைக்கு நிற்கிறார்கள். "விலைய மாத்திட்டேங்க, ஃபைல்ல பாருங்க" என்கிறார் கம்ப்யூட்டரில் இருப்பவர். ஃபைலைப் பார்த்தால் புதிய விலைதான் இருக்கிறது.

இப்போது மூன்று நேரத்தை எடுத்து அடுத்தடுத்து எழுத வேண்டும். மெஷின் எழுந்தது காலை 8:42. எடை புரோகிராம் தொடங்கியது 8:43. விலை ஃபைல் கடைசியாக மாறியது 11:20. பார்த்ததும் புரிந்துவிடும். பல புரோகிராம்கள் தங்கள் அமைப்பு ஃபைலைத் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் படிக்கும். அதற்குப் பிறகு ஃபைலில் என்ன எழுதினாலும் அதற்குத் தெரியாது. 8:43-க்குப் படித்த விலையை வைத்துக்கொண்டு அது இன்னும் பெருக்கிக்கொண்டிருக்கிறது. புரோகிராமை நிறுத்தித் தொடங்கினால் சண்டை தீர்ந்தது. மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

அப்டேட் போட்ட பிறகும் இதே கதைதான். பாதுகாப்புக் குறை ஒன்றைச் சரிசெய்யும் அப்டேட் டிஸ்கில் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் அதற்கு முன்பே தொடங்கிய ப்ராசஸ்கள் பழைய நகலைத்தான் மெமரியில் பிடித்துவைத்திருக்கும். டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் நீட்ரீஸ்டார்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. எந்தெந்த ப்ராசஸ் இப்படிப் பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அதுவே தேடிச் சொல்லும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பழைய தொடக்க நேரம் என்றாலே பழைய அமைப்பில் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என்ஜின்எக்ஸ் மாதிரியான வெப் சர்வர்களுக்கு 'ரீலோடு' என்று ஒரு வழி உண்டு. அப்படிச் செய்தால் தலைமை ப்ராசஸ் நிற்காமலேயே புதிய அமைப்பைப் படித்து, தன்கீழ் வேலை செய்யும் ப்ராசஸ்களை மட்டும் புதிதாக எழுப்பும். தலைமைக்கு மூன்று மாதம் முந்தைய தேதி இருக்கும், கீழே உள்ளவற்றுக்கு இன்று காலைத் தேதி இருக்கும். இரண்டும் சரிதான். அதே போல, ஒரு ப்ராசஸ் நடுவழியில் தன்னையே வேறொரு புரோகிராமாக மாற்றிக்கொள்ளவும் லினக்ஸில் வழி இருக்கிறது. அப்போதும் பி.ஐ.டி. மாறாது, தொடக்க நேரமும் மாறாது.

இனி விஷயத்தின் உள்ளே போவோம். ஒரு ப்ராசஸ் பிறந்த தேதியை லினக்ஸ் எங்கே எழுதிவைக்கிறது? தேதியாக எங்கேயும் எழுதிவைப்பதில்லை என்பதுதான் பதில். மெஷின் எழுந்து எத்தனை நேரம் கழித்து இந்த ப்ராசஸ் தொடங்கியது என்பதை மட்டுமே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் குறித்துக்கொள்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் வீடு எப்போது கட்டினீர்கள் என்று கேட்டால், "மண் சரிஞ்சுதே, அதுக்கு அடுத்த வருஷம்" என்பார்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்தது நமக்குத் தெரிந்திருப்பதால், 2010 என்று நாம் கணக்குப் போட்டுக்கொள்கிறோம். அவர் சொன்னது தேதி அல்ல, ஓர் அடையாள நிகழ்விலிருந்து தூரம். கெர்னலுக்கு அந்த அடையாள நிகழ்வு, மெஷின் எழுந்தது.

நேரடியாகப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: ப்ராக் என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) ஒவ்வொரு பி.ஐ.டி. எண்ணின் பெயரிலும் ஓர் அடைவு இருக்கும். அதற்குள் ஸ்டாட் என்ற ஃபைலில் நீளமாக ஒரே வரியில் பெரும்பாலும் எண்களாக வரும். அதில் 22-வதாக வருவதுதான் தொடக்க நேரம். வழக்கமான லினக்ஸில் விநாடியை நூறு பங்காக்கி எண்ணியிருப்பார்கள். 5230 என்று இருந்தால் மெஷின் எழுந்து 52.3 விநாடி கழித்துத் தொடங்கியிருக்கிறது. மெஷின் எழுந்தது 8:42:10 என்றால் புரோகிராம் தொடங்கியது 8:43:02. பி.எஸ். கட்டளையும் இந்தக் கூட்டலைத்தான் நமக்காகச் செய்து எல்ஸ்டார்ட்டில் காட்டுகிறது. லேப்டாப்பை மூடித் தூங்கவைத்த நேரமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், ராத்திரி முழுக்க மூடிவைத்தாலும் காலையில் தேதி பிசகாது. கூட்டிச் சொல்வதால்தான் ஒரே ப்ராசஸுக்கு ஒரு முறை 8:43:02 என்றும் அடுத்த முறை 8:43:03 என்றும் வருவதுண்டு. பயப்பட வேண்டாம், முழு விநாடிக்குச் சுருக்கும்போது வரும் வித்தியாசம் அது.

ப்ராக் அடைவைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து ஒரு குறுக்குவழியில் இறங்குவார்கள். அந்தப் பி.ஐ.டி. அடைவுக்கே ஒரு தேதி இருக்கிறதே, அதுதானே ப்ராசஸ் தொடங்கிய தேதி என்று. இதை நம்பாதீர்கள். அவை டிஸ்கில் இருக்கும் அடைவுகள் அல்ல; யாராவது எட்டிப் பார்க்கும்போது கெர்னல் அந்த நேரத்தில் உருவாக்கிக் காட்டுபவை. அவற்றின் தேதி பல சமயம் ஒத்துப்போகும், சில சமயம் வெகுவாக விலகும். ஒத்துப்போகும் நாட்களில் நம்பிக்கை வந்துவிடும் என்பதுதான் இதில் ஆபத்து.

சரி, கடிகாரமே தப்பாக இருந்தால்? சாதாரணக் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் காசு அளவு பேட்டரி ஒன்று இருக்கும், பெரும்பாலும் சி.ஆர். 2032. கரண்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துவிட்ட பழைய மெஷின், கரண்ட் போய் வந்தால் ஏதோ ஒரு பழைய தேதியோடு எழும். ராஸ்பெரி பை என்ற கையடக்க போர்டில், ஐந்தாம் பதிப்புக்கு முன்னால் வந்தவற்றில் இந்தக் கடிகாரமே கிடையாது. ஐந்தில் உண்டு, பேட்டரியை மட்டும் நாம் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கடிகாரம் இல்லாத போர்டு என்ன செய்யும் என்றால், அவ்வப்போது நேரத்தை ஒரு ஃபைலில் எழுதிவைத்துக்கொள்ளும். மறுபடி எழும்போது கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து தொடரும். நெட் கிடைத்ததும் சரியான நேரத்துக்குத் தாவும்.

நம் எடை புரோகிராம் இப்படி ஒரு போர்டில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 1 மணிக்குக் கரண்ட் போகிறது. கடைசியாக எழுதிவைத்த நேரம் 12:17. காலை 10:42-க்குக் கரண்ட் வருகிறது, நெட் வரவில்லை. போர்டு எழுந்து, இப்போது நள்ளிரவு 12:17 என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு நிமிடத்தில் எடை புரோகிராமும் எழுகிறது. 11:45-க்கு வந்த இலைக்கு அடித்த சீட்டில் ராத்திரி 1:20 என்று அச்சாகிறது. மதியம் 1 மணிக்கு நெட் வர, கடிகாரம் 2:35-லிருந்து ஒரே தாவலில் 13:00-க்குப் போகிறது.

அதன் பிறகு புரோகிராம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் இரண்டு பதில் வரும். பி.எஸ். சொல்வது 10:43. புரோகிராம் தானே எழுதிவைக்கும் குறிப்பான லாக் சொல்வது 12:18. பின்னணியில் ஓடும் புரோகிராம்களான சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியிடம், சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று கேட்டால் அதுவும் 12:18 என்றே சொல்லும். பி.எஸ். சொல்வதுதான் சரி. மெஷின் எழுந்த நேரத்தைக் கெர்னல் இப்போதைய கடிகாரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறது. கடிகாரம் திருந்தியதும் அதுவும் திருந்திவிட்டது, அதைச் சார்ந்த எல்லாத் தேதியும் கூடவே திருந்திவிட்டன. லாக்கிலும் சிஸ்டம்டியிலும் இருப்பவை அந்தக் கணத்தில் மெஷினின் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய நேரம், எழுதியது எழுதியதுதான்.

இதே காரணத்தால், நெட் இன்னும் வராத நேரத்தில் பி.எஸ். காட்டும் தேதியும் தப்பாகத்தான் இருக்கும். அந்த நிலையில் எல்ஸ்டார்ட்டை விட்டுவிட்டு ஈடைமைப் பாருங்கள். தொடங்கி 1 மணி 3 நிமிடம் ஆயிற்று என்று அது சொன்னால், உங்கள் கைக்கடிகாரத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கடிகாரம் எவ்வளவு பொய் சொன்னாலும் ஈடைம் கெடாது. நான் இரண்டையும் சேர்த்தே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு: அங்குள்ள கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ப்ராசஸ் கட்டளையின் முடிவில் ஸ்டார்ட்டைம் என்ற விவரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். சில வரிகள் வெறுமையாக வந்தால் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து மறுபடி கேளுங்கள். அங்கே வேறொரு வேடிக்கை உண்டு. விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி வந்தது. அது இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது நீங்கள் திறந்தவை மட்டும்தான் மூடப்படும். அடியில் இருக்கும் கெர்னலையும் சேவைகளையும் அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து மறுநாள் எடுத்துக்கொள்ளும். அதனால் தினமும் மாலை ஒழுங்காக அணைக்கும் கம்ப்யூட்டர், டாஸ்க் மேனேஜரில் பதினைந்து நாளாக ஓடுவதாகக் காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் புதிதாக எழும். மின்வெட்டில் பட்டென்று அணைந்த கம்ப்யூட்டரும் புதிதாகத்தான் எழும். அந்த வகையில் நம் ஊர்க் கம்ப்யூட்டர்கள் கொடுத்துவைத்தவை.

கடைசியாக, பி.ஐ.டி. எண்ணைப் பற்றி. இது நிரந்தரமான எண் அல்ல. ஒரு ப்ராசஸ் முடிந்துவிட்டால் அதன் எண் பிறகு வேறொன்றுக்குப் போகலாம். லினக்ஸில் வழக்கமான உச்ச வரம்பு 32768. இப்போதைய 64 பிட் லினக்ஸ் பலவற்றில் அதை 4194304 வரை உயர்த்திவைத்திருக்கிறார்கள். எண்கள் தீர்ந்ததும் மறுபடி கீழிருந்து சுற்றும். மெஷின் ரீஸ்டார்ட் ஆனாலோ கேட்கவே வேண்டாம், எல்லாம் ஒன்றிலிருந்து.

இது எங்கே கடிக்கும் என்றால், புரோகிராம் நின்றுவிட்டால் தானாக எழுப்ப நாமே எழுதும் ஸ்கிரிப்ட்டுகளில், அதாவது சின்னக் கட்டளைத் தொகுப்புகளில். பலர் செய்வது: எடை புரோகிராம் தொடங்கும்போது தன் பி.ஐ.டி. எண்ணை, 812 என்று வைத்துக்கொள்வோம், ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்கிரிப்ட் வந்து 812 உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் போய்விடும், இல்லாவிட்டால் எழுப்பும். கரண்ட் போய் வந்த பிறகு அந்த ஃபைல் டிஸ்கில் அப்படியே கிடக்கிறது. மெஷின் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே வரிசையில்தான் எல்லாவற்றையும் எழுப்புவதால், 812 என்ற எண் இந்த முறை பிரிண்டர் சேவைக்குப் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்கிரிப்ட் வந்து பார்க்கிறது, 812 உயிரோடு இருக்கிறது, திருப்தியாகத் திரும்பிப் போய்விடுகிறது. எடை புரோகிராம் எழவே இல்லை. 812-ஐ நிறுத்தித் தொடங்கும் ஸ்கிரிப்ட்டாக இருந்தால் இன்னும் மோசம், பிரிண்டர் சேவையை நிறுத்திவிடும்.

எண்ணோடு தொடக்க நேரத்தையும் சேர்த்து எழுதிவைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. எல்ஸ்டார்ட் தேதியை எழுத வேண்டாம், அது ஒரு விநாடி முன்பின் ஆகலாம், கடிகாரம் தாவினால் மொத்தமாகவே மாறலாம். ஸ்டாட் ஃபைலில் 22-வதாக வருவதை எழுதுங்கள். ப்ராசஸ் இருக்கும்வரை அது மாறவே மாறாது. கூடவே, அந்த ஃபைலை வீட்டு அடைவில் வைக்காமல் ரன் என்ற அடைவில் வையுங்கள். அது மெமரியில் இருப்பது, மெஷின் எழும்போது காலியாகவே இருக்கும். இவ்வளவு எதற்கு என்று தோன்றினால், எடை புரோகிராமைச் சிஸ்டம்டியின் கீழ் ஒரு சேவையாக எழுதி, நின்றால் மறுபடி எழுப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது பி.ஐ.டி. ஃபைலை நம்பி இருப்பதில்லை.